மைதானத்தில் எந்தக் காயத்துக்குப் பயப்பட வேண்டும்?

கேட்கப்பட்டது இதுதான்: "மதுரையிலிருந்து தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. மகனுக்கு 14 வயது. உடம்பு வாட்டசாட்டமாக இருப்பதால் பள்ளியில் ரக்பி ஆடச் சொல்கிறார்கள். அவனுக்கும் ஆசை. பக்கத்து வீட்டு ஆயா, 'வேணாம் தம்பி, கழுத்து முறிஞ்சி போவும்' என்று தினமும் சொல்கிறார். 2022-இல் இங்கே நடந்த குத்துச்சண்டை வீடியோவைப் பார்த்ததிலிருந்து என் மனைவிக்குத் தூக்கமில்லை. போட்டியில் ஆடும்போது ஏற்படும் காயங்களில் உண்மையிலேயே ஆபத்தானவை எவை, பார்க்க மட்டும் பயமாக இருப்பவை எவை?"

முதலில் ஆயாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் சொல்வது பொய்யில்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் நாகர்கோவில்காரி. டர்பனில் பிசியோதெரபிஸ்டாக 22 வருடம். சனிக்கிழமை காலைகளில் ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தில், கோட்டுக்கு வெளியே, ஒரு சிவப்புப் பையோடு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். காம்ரேட்ஸ் என்ற நெடுந்தூர ஓட்டம் வந்தால் மருத்துவக் கூடாரத்தில் ஒரு நாள் சேவை. இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு பழக்கம் படிந்துவிட்டது. கீழே விழுந்து அலறுகிற பையனிடம் நடந்து போகிறேன். விழுந்து அலறாமல் கிடக்கிற பையனிடம் ஓடுகிறேன்.

எலும்பு முறிவை முதலில் முடித்துவிடுகிறேன். கணுக்கால் திரும்பி நிற்கும், எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரியும், பார்க்கிறவர்களில் இரண்டு பேர் மயங்கி விழுவார்கள். டிவியில் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். சுத்தமான துணியால் மூடி, அசையாமல் கட்டி, சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போனால் பெரும்பாலும் ஆள் பிழைத்து, காலும் பிழைத்து, ஒரு வருடத்தில் மறுபடி ஓடுவார். கிருமி புகுந்துவிடக் கூடாது, அதுதான் கவலை. வேதனை பெரிது, உயிராபத்து சிறிது.

கண் வேறு கதை. தென்னாப்பிரிக்க விக்கெட் கீப்பர் மார்க் பவுச்சரை நினைத்துக்கொள்ளுங்கள். 2012 ஜூலை 9, இங்கிலாந்தில் டான்டனில் ஒரு பயிற்சி ஆட்டம். இம்ரான் தாஹிர் பந்து ஸ்டம்பைத் தட்டியது, பெய்ல் எகிறி பவுச்சரின் இடது கண்ணில் பட்டது. பந்துகூட இல்லை, விரல் நீளத்துக்குக் கொஞ்சம் மேல் இருக்கிற ஒரு மரத்துண்டு. சுழற்பந்துக்கு ஸ்டம்பை ஒட்டி நின்றார், ஹெல்மெட் போடவில்லை. மறுநாளே சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு. 999 பேரை ஆட்டமிழக்கச் செய்த கீப்பர் அப்படியே நின்றுபோனார். உங்கள் மகன் நெட்டில் கீப்பிங் செய்தால் "சும்மா நெட்தானே" என்று விடாதீர்கள்.

கைகாலில் ஒரே ஒரு காயத்துக்கு நான் நிஜமாகவே பயப்படுவேன். அது முழங்கால் மூட்டு முழுசாக நழுவுவது. முழங்கால் சில்லு விலகுவதைச் சொல்லவில்லை. தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதைச் சொல்கிறேன். முழங்கால் மடிப்புக்குப் பின்னால் காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி மேலேயும் கீழேயும் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறது. எலும்பு நகர்ந்தால் அதற்கு ஒதுங்க இடமில்லை, இழுபட்டுக் கிழிந்துவிடும். குழப்பம் என்னவென்றால், மூட்டு பல நேரம் தானாகவே திரும்பி உள்ளே போய்விடும். வெளியே ஒன்றும் தெரியாது.

இங்கே டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் ஆட்டம். 19 வயதுப் பையன் ஒருவன் மோதி விழுந்தான். நான் போய்ச் சேருவதற்குள் ஓர் அங்கிள் ஜாம்பக் தைல டப்பாவைத் திறந்து முழங்காலில் நீவிக்கொண்டிருந்தார். "உள்ள போயிடுச்சு, ஒண்ணும் இல்ல" என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். இரண்டு காலின் ஷூவையும் சாக்ஸையும் கழற்றி இரண்டு பாதத்தையும் தொட்டுப் பார்த்தேன். ஒன்று சூடு. மற்றது ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தயிர்ப் பாத்திரம். பாதத்தின் மேல்பக்கம் விரலை வைத்தால் நாடி துடிக்க வேண்டும், துடிக்கவில்லை. முதலில் போன இடத்தில் எக்ஸ்ரே எடுத்து "எலும்பு நல்லாத்தான் இருக்கு" என்று கட்டுப் போட்டு அனுப்பப் பார்த்தார்கள். அங்கேயே நின்று சண்டை போட வேண்டியதாயிற்று. வேறோர் இடத்தில் அன்று இரவே மறு காலிலிருந்து சிரை எடுத்துத் தமனியை ஒட்டுப்போட்டார்கள். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் திரும்பாவிட்டால் தசை சாக ஆரம்பிக்கும். காலை எடுக்க வேண்டிவரும். அந்தப் பையன் இன்று லேசாகச் சாய்ந்து நடக்கிறான், ஆனால் சொந்தக் காலில் நடக்கிறான். உங்களுக்கு இதிலிருந்து வேண்டியது சாக்ஸைக் கழற்றிப் பார்க்கிற அந்த ஒரு பழக்கம்தான்.

சரி, தலைக்கு வருவோம். உங்கள் மனைவி பார்த்த வீடியோ சிமிசோ புத்தெலேசியுடையது. 2022 ஜூன் 5, நம் டர்பனில் கிரேவிலில் நடந்த போட்டி. அவருக்கு 24 வயது. பத்தாவது சுற்று வரை வந்துவிட்டார். எதிராளி கயிற்றில் சரிந்து எழுந்தார், ரெஃப்ரி ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். புத்தெலேசி திடீரென்று திசைமாறி, ஆளே இல்லாத மூலையை நோக்கிப் போய், காற்றைக் குத்த ஆரம்பித்தார். ரெஃப்ரி உடனே நிறுத்தினார். இரண்டு நாள் கழித்து மூளை ரத்தக்கசிவால் இறந்தார்.

அந்த வீடியோவில் பெரிய அடி ஒன்றும் தெரியவில்லையே என்று பலர் என்னிடம் கேட்டார்கள். தெரியாது. மூளைக்கும் அதன் உறைக்கும் நடுவே மெல்லிய சிரைகள் பாலம்போலப் போகின்றன. தலை சட்டென்று திரும்பும்போது மண்டையோடு முதலில் திரும்புகிறது, மூளை ஒரு கணம் தாமதித்துத் திரும்புகிறது. அந்த இடைவெளியில் சிரை இழுபட்டுக் கிழிகிறது. சிரை ரத்தம் மெதுவாகத்தான் கசியும். மண்டையோட்டுக்குள் கூடுதல் இடம் கிடையாது, கசிகிற ஒவ்வொரு கரண்டியும் மூளையை அழுத்தும். அடி விழுந்த நேரமும் ஆள் தடுமாறுகிற நேரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சில நிமிடமும் ஆகலாம், சில மணி நேரமும் ஆகலாம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்திய கிரிக்கெட் வீரர் ராமன் லம்பா நினைவிருக்கலாம். 1998 பிப்ரவரி, டாக்காவில் கிளப் ஆட்டம். ஓவரில் இன்னும் மூன்று பந்துதான் பாக்கி என்று ஹெல்மெட் கேட்காமல் பேட்ஸ்மேனை ஒட்டி, ஃபார்வர்ட் ஷார்ட் லெக்கில் நின்றார். மெஹ்ராப் ஹொசைன் ஓங்கி அடித்த பந்து அவர் நெற்றியில் பட்டு எகிறி கீப்பர் கைக்குப் போனது. பேட்ஸ்மேன் அவுட்! எல்லாரும் கொண்டாடினார்கள். லம்பா எழுந்து நடந்துதான் வெளியே போனார். மூன்று நாளில் இறந்துவிட்டார். "நடந்துதானே போனான்" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த கேட்ச்தான் ஞாபகம் வரும்.

ஆகவே தலையில் அடிபட்ட பிள்ளையிடம் "வலிக்குதா" என்று கேட்பதில் பிரயோசனம் குறைவு. "இப்ப எந்தப் பக்கம் கோல் போடணும்? எத்தனைக்கு எத்தனை? போன வாரம் யாரோட ஆடினோம்?" என்று கேளுங்கள். நடையைப் பாருங்கள். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினால் எழ மறுக்கும் தூக்கம், ஒரு பக்கக் கை தளர்வது, ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாக இருப்பது, நேரத்துக்குச் சம்பந்தமில்லாத பேச்சு, இவற்றில் ஒன்று வந்தாலும் ஸ்கேன் எடுக்கும் வசதியுள்ள இடத்துக்குப் போக வேண்டும். "காலையில பாத்துக்கலாம்" என்பது கிடையாது. வலி மாத்திரையைக் கொடுத்துப் படுக்க வைத்து, அறிகுறியை நீங்களே மூடி மறைத்துவிடாதீர்கள்.

மயங்கவில்லை என்பதால் மூளை அதிர்ச்சி (கன்கஷன்) இல்லை என்று நினைப்பதும் தவறு. மூளை அதிர்ச்சி அடைந்த பெரும்பாலோர் மயங்குவதே இல்லை. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால், அது லேசான அடியாக இருந்தாலும், வளரும் பிள்ளைகளுக்கு மூளை கடகடவென்று வீங்கிவிடலாம். அரிதுதான், ஆனால் வந்தால் கைமீறிப்போகும். அதனால்தான் ரக்பியில் இப்போது பள்ளி, கிளப் மட்டத்தில் மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே அன்றைய ஆட்டம் முடிந்தது. மறுபடி போட்டியில் இறங்கக் குறைந்தது மூன்று வாரம். பிள்ளைகள் இதை வெறுப்பார்கள். என் முன்னால் பொய் சொல்லாத கேப்டன் எவனும் இல்லை.

ஹெல்மெட் போட்டால் தீர்ந்ததா? தீரவில்லை. 2014 நவம்பரில் சிட்னியில் ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் ஃபிலிப் ஹியூஸ் ஹெல்மெட் போட்டுத்தான் ஆடினார். ஷான் அபாட் வீசிய பவுன்சர் ஹெல்மெட்டுக்குக் கீழே, இடது காதுக்குப் பின்னால் கழுத்தில் பட்டது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் முதுகெலும்புத் தமனி கிழிந்து மூளையைச் சுற்றி ரத்தம் பரவியது. இரண்டு நாளில் போய்விட்டார். உலகமே அழுதது. அதற்கு ஒரு வருடம் முன்பு, 2013 அக்டோபர் 27, ஈஸ்டர்ன் கேப்பில் ஆலிஸ் என்ற சின்ன ஊரில், முன்பு பார்டர் மாகாண அணிக்கு ஆடிய டேரன் ராண்டல் ஒரு கிளப் ஆட்டத்தில் புல் ஷாட் அடிக்கப் போய்த் தலையின் பக்கவாட்டில் அடிபட்டு இறந்தார். 32 வயது. அவரை இங்கேயே பலருக்குத் தெரியாது. ஹியூஸுக்குப் பிறகுதான் ஹெல்மெட்டின் பின்னால் கழுத்தை மறைக்கும் பட்டை பரவலாக வந்தது. 2019 முதல் சர்வதேச ஆட்டத்தில் தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக வேறொருவர் பேட் பண்ணலாம் என்றும் ஆனது. ரக்பியில் போடும் மெத்தென்ற தொப்பியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: காது கிழியாமல் காக்கும், தோலைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அது தடுப்பதாக நம்பி வாங்காதீர்கள்.

இனி ஆயாவின் கழுத்து.

1980 ஆகஸ்ட் 30, ப்ளூம்ஃபான்டைனில் ஃப்ரீ ஸ்டேட்டுக்கு எதிராக ஆடிய வெஸ்டர்ன் ப்ராவின்ஸ் வீரர் கிரிஸ் பர்கர் கழுத்து முறிந்து இறந்தார். அவருடைய கேப்டன் மோர்னே து ப்ளெஸி, பர்கரின் பெயரில் ஒரு நிதியம் தொடங்கினார். 1987-இல் ஆட்டத்தில் உயிரிழந்த பெட்ரோ ஜாக்சன் பெயரும் பின்னால் அதோடு சேர்ந்தது. கழுத்தோ தலையோ அடிபட்டு முடங்கிய ரக்பி வீரர்களுக்குச் சக்கர நாற்காலியிலிருந்து வீட்டு வாசல் சரிவுப்பாதை வரை உதவுவது அந்த நிதியம்தான். ஆயாவின் வயதுக்கு அவர் அந்தச் செய்தியையெல்லாம் ரேடியோவில் கேட்டிருப்பார். அவர் பயம் அங்கிருந்து வருகிறது.

கழுத்து எப்படிப் போகிறது? ஸ்க்ரமில் இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் தலையைக் கோர்த்துத் தள்ளுகிறார்கள். முன்வரிசையில் நடுவே நிற்கும் ஹூக்கரின் இரண்டு கையும் பக்கத்து ஆட்களின் தோளில் மாட்டியிருக்கும். ஸ்க்ரம் சரிந்தால் கையை ஊன்ற முடியாது, தலைதான் முதலில் தரையைத் தொடும். பின்னாலிருந்து தள்ளுகிறவர்களுக்கு அது தெரியாது. டாக்கிள் செய்யும்போது, அதாவது பந்தோடு ஓடுகிறவரைக் கட்டிப் பிடித்து வீழ்த்தும்போது, தலையைக் குனிந்து மோதினாலும் அதேதான். கழுத்தெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மாட்டிக்கொள்ளும். நடுவில் தண்டுவடம், கதவிடுக்கில் மாட்டிய விரல் மாதிரி.

விரலென்றால் உடனே கதவைத் திறப்போம் இல்லையா? தென்னாப்பிரிக்க ரக்பி வீரர்களை வைத்தே 2011-இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. கேப் டவுனில் கான்ரடி மருத்துவமனையில் கழுத்தெலும்பு நழுவிச் சேர்க்கப்பட்ட 57 ஆட்டக்காரர்களின் பதிவுகளைப் பார்த்தார்கள். அவர்களில் 32 பேர் எலும்பைத் திரும்ப இடத்தில் வைக்கும் நேரத்தில் முற்றிலும் செயலிழந்திருந்தவர்கள். அதில் 8 பேருக்கு அடிபட்டு நான்கு மணி நேரத்துக்குள் எலும்பை இடத்தில் வைத்துவிட்டார்கள். அந்த 8 பேரில் 5 பேர் முழுசாகத் தேறினார்கள். நான்கு மணி நேரம் தாண்டிய மற்ற 24 பேரில் முழுசாகத் தேறியவர் ஒருவர்கூட இல்லை.

எனக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். சின்ன எண்ணிக்கைதான், பின்னால் வந்த ஆய்வுகளில் நேர வரம்பைப் பற்றி விவாதமும் உண்டு. ஆனால் கழுத்து முறிந்தால் விதி முடிந்தது என்று நாம் பேசுவது சரியில்லை என்று இது காட்டுகிறது. மைதானத்திலிருந்து தண்டுவட சிகிச்சைக்கு வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிடம், யார் யாருக்கு போன் பண்ணுவார்கள் என்பதிலேயே ஒரு பையனின் மீதி வாழ்க்கை இருக்கலாம். இங்கே ரக்பி அமைப்பு 2009-இல் பாக்ஸ்மார்ட் என்ற பாதுகாப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது இதற்காகத்தான். கோச்சும் ரெஃப்ரியும் அதில் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். குறிப்பிட்ட கால இடைவெளியில் புதுப்பிக்கவும் வேண்டும். தண்டுவடக் காயத்துக்கென்று தனி அவசர எண்ணும் உண்டு. ஸ்க்ரம் விதியும் மாறியது. முன்பெல்லாம் இரண்டு பக்கமும் தூரத்திலிருந்து பாய்ந்து மோதுவார்கள். 2013-இலிருந்து முதலில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்ட பிறகுதான் அழுத்த வேண்டும். இளையோர் ஆட்டத்தில் எவ்வளவு தூரம் தள்ளலாம் என்பதற்கும் வரம்பு உண்டு.

ஆனால் அந்த நான்கு மணி நேரத்தைவிட முதல் ஒரு நிமிடம்தான் எனக்குப் பெரிய தலைவலி. நம் ஆட்கள், நான் தமிழரை மட்டும் சொல்லவில்லை, விழுந்தவரைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. தூக்கி உட்கார வை, தண்ணி குடு, முகத்தில் தெளி, கழுத்தை நெட்டி எடு. எல்லாம் பாசம்தான். எலும்பு நழுவியிருந்தும் தண்டுவடம் இன்னும் நசுங்காத ஒரு பையனை நான்கு நண்பர்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால், மீதி வேலையை அவர்களே முடித்துவிடுவார்கள்.

இதற்கும் கார் பந்தயத்துக்கும் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1977 மார்ச் 5, இங்கே கயலாமி கார் பந்தயத் தடம். ஒரு கார் ஓரமாக நின்று லேசாகத் தீப்பிடித்தது. பந்தயப் பாதையைக் கவனிக்கும் 19 வயது மார்ஷல் ஒருவர் தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு பாதையின் குறுக்கே ஓடினார். மேடு மறைத்ததால் வருகிற கார்கள் தெரியவில்லை. டாம் ப்ரைஸ் என்ற பந்தய வீரரின் கார் அவர்மேல் மோதியது, சிலிண்டர் ப்ரைஸின் தலையில் அடித்தது, இருவரும் அங்கேயே இறந்தார்கள். தீப்பிடித்த காரின் ஓட்டுநருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே கயலாமியில் நான்கு வருடம் முன்னால் மைக் ஹெய்ல்வுட், தன் உடையில் தீப்பிடித்தும் விடாமல், எரிகிற காரிலிருந்து கிளே ரெகாஸோனியை இழுத்துக் காப்பாற்றி ஜார்ஜ் மெடல் வாங்கியவர். உதவப் போகிற துணிச்சலில் இருவருக்கும் குறைவில்லை. அந்த மார்ஷல் பையனைப் பற்றி நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கும்.

கழுத்து என்று சந்தேகம் வந்தால் என்ன செய்வேன் என்று ஒரு நாளைச் சொல்கிறேன். ஜூலை மாதம், புல் காய்ந்து முள்ளாகக் குத்தும் காலம். 16 வயதுப் பையன் டாக்கிள் செய்து குப்புற விழுந்தான். அழவில்லை. ஒரு கண் புல்லில் அழுந்தியிருந்தது, மற்றக் கண் என்னைப் பார்த்தது. "ஆன்ட்டி, கையில எறும்பு ஓடுது" என்றான். சுற்றிக் கைநீட்டிய பையன்களை நான் கத்திய கத்தில் ரெஃப்ரியே பின்வாங்கினார். மூச்சு சீராக இருந்ததால் அவனைத் திருப்பவில்லை. நானும் அவன் எதிரில் குப்புறப் படுத்து, இரண்டு முன்கைகளுக்கு நடுவில் அவன் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டேன். "ஆமாம்னா தலையாட்டாதே, வாயால சொல்லு" என்றேன். ஆம்புலன்ஸ் வர 40 நிமிடம். என் முழங்கை ஊன்றிய இடத்தில் நிஜமாகவே எறும்புப் புற்று. கடி வாங்கிக்கொண்டே அவனோடு அவன் அம்மா செய்யும் நண்டுக் கறியைப் பற்றிப் பேசினேன். பலகை வந்து, ஐந்து பேர் ஒன்று இரண்டு மூன்று சொல்லி மரக்கட்டை உருட்டுவதுபோல் ஒரே கோடாகத் திருப்பி ஏற்றினோம்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை. தோளுக்குப் போகும் நரம்பு இழுபட்டதுதான். இரவே வீட்டுக்குப் போய்விட்டான். எதிரணி கோச், "ஒரு சுளுக்குக்கு முக்கால் மணி நேர ஆட்டம் போச்சு" என்று முணுமுணுத்தார். இன்னும் நூறு முறை அப்படிப் போனாலும் சந்தோஷம்தான்.

ஒரு விதிவிலக்கு: மூச்சு நின்றிருந்தால் கழுத்துக் கவலை இரண்டாவது. அப்போது திருப்பித்தான் ஆக வேண்டும், நெஞ்சை அழுத்தித்தான் ஆக வேண்டும்.

இதயத்தைப் பற்றிச் சுருக்கமாக. யாரும் இடிக்காமல், பந்தும் அருகில் இல்லாமல், ஓடிக்கொண்டிருந்தவர் வேரறுந்த மரம்போல் விழுந்தால் அது இதயம் நின்றது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கை லேசாக இழுத்தால் வலிப்பு என்று நினைத்து வாயில் எதையும் திணிக்காதீர்கள், சாவியைக் கையில் கொடுக்காதீர்கள். 2003-இல் கேமரூன் ஃபுட்பால் வீரர் மார்க் விவியென் ஃபோ லியோன் மைதானத்தில் அப்படி விழுந்து இறந்தார். 2021-இல் கோபன்ஹேகனில் டென்மார்க் ஃபுட்பால் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்தபோது உடனே நெஞ்சை அழுத்தி டெஃபிப் கருவியால் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள்; மறு வருடமே ஆட வந்துவிட்டார். பள்ளியில் அந்தப் பெட்டி இருக்கிறதா, பூட்டி வைத்திருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள்.

இந்த மாகாணத்தில் மின்னலையும் காயங்களில் சேர்க்க வேண்டும். 2018 மார்ச்சில் மாரிட்ஸ்பர்க் யுனைடெட் ஃபுட்பால் வீரர் லுயாண்டா ன்ட்ஷங்காசே ஒரு நட்பு ஆட்டத்தில் மின்னல் தாக்கி, சில நாளில் இறந்தார். 21 வயது. கோடை மதியங்களில் இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்தாத கோச்சிடம் மகனை விடாதீர்கள்.

காம்ரேட்ஸ் உங்கள் கேள்வியில் இல்லை, மகனுக்கும் இப்போதைக்கு வேண்டாம். ஆனால் டர்பனில் இருந்துகொண்டு அடுத்த வருடம் நீங்களே பெயர் கொடுத்துவிடுவீர்கள், எல்லாரும் அப்படித்தான். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே ஏறக்குறைய 90 கிலோமீட்டர். கூடாரத்தில் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி, "முடிவுக் கோட்டைத் தாண்டி விழுந்தாரா, தாண்டாமல் விழுந்தாரா?" தாண்டி நின்றதும் விழுகிறவர்களில் பெரும்பாலோருக்கு, ஓடும்போது ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்த கெண்டைக்கால் தசை நின்றுவிட்டது, அவ்வளவுதான். காலைத் தூக்கி வைத்துப் படுக்கப் போட்டால் கால் மணியில் எழுந்து டீ கேட்பார்கள். ஓடும் வழியிலேயே விழுகிறவரைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும்.

ஒரு முறை ஒருவரைத் தூக்கி வந்தார்கள். பேச்சு குழறல். மனைவி, "தண்ணியே பத்தல, ட்ரிப் போடுங்க" என்று கெஞ்சினார். கையைப் பார்த்தேன், கல்யாண மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. வாட்ச் பட்டை கழற்றினால் மணிக்கட்டில் பள்ளம். வறண்டவருக்கு மோதிரம் இறுகுமா? ஒவ்வொரு மேசையிலும் நின்று நின்று தண்ணீர் குடித்து, ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், மூளை வீங்க ஆரம்பித்திருந்தது. அவருக்குச் சாதாரண ட்ரிப் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். இந்த நோயை ஓட்டக்காரர்களிடம் முதன்முதலில் அடையாளம் கண்டதே காம்ரேட்ஸில்தான். 1981 ஓட்டத்தில் விழுந்த ஒருவரில் தொடங்கி, தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸ் 1985-இல் எழுதினார். "தாகம் எடுக்கும் முன்பே குடி" என்ற உபதேசம் அதற்குப் பிறகும் பல வருடம் இருந்தது. இப்போது தாகத்துக்குக் குடித்தால் போதும் என்கிறோம். ஓடும்போது வலிக்கு ப்ரூஃபன் போடுவதையும் விட்டுவிடுங்கள். நொறுங்கிய தசையின் கழிவோடு அந்த மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் தாங்காது.

உங்கள் மகனுக்குத் திரும்புகிறேன். ஆடட்டும் என்பதுதான் என் பதில். ஆனால் கையெழுத்துப் போடும் முன் பள்ளிக்கு நேரில் போங்கள். வரவேற்பறையில் பேசாமல் மைதானத்துக்கே போய் கோச்சைப் பிடியுங்கள். பாக்ஸ்மார்ட் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், தேதியைப் பாருங்கள். தலையில் அடிபட்ட பையனை வெளியே எடுக்கும் முடிவு யாருடையது, கோச்சுடையதா, வேறு ஒருவருடையதா என்று கேளுங்கள். ஸ்கோர் 12-க்கு 10 இருக்கும்போது கோச்சிடம் அந்த முடிவை விடக் கூடாது. கழுத்துப் பட்டையும் பலகையும் எங்கே இருக்கின்றன என்று கேட்டால் ஒருவர் உடனே கை காட்ட வேண்டும். மூன்று பேர் மூன்று பக்கம் கை காட்டினால் ஒரு வருடம் காத்திருங்கள். ஆம்புலன்ஸ் நுழையும் கேட் மேட்ச் நாளில் கார்களால் அடைபட்டிருக்கிறதா என்று ஒரு சனிக்கிழமை சும்மா போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் போகிற மைதானங்களில் பாதியில் அதுதான் நிலைமை, அடைத்து நிற்பது பெற்றோர்களின் கார்.

வாட்டசாட்டமான பையன் என்கிறீர்கள், அதனால் முன்வரிசையில்தான் போடுவார்கள். கழுத்துக்கும் தோளுக்கும் பயிற்சி எத்தனை வாரம் நடந்தது, தலையை நிமிர்த்தி டாக்கிள் செய்ய யார் சொல்லிக்கொடுத்தது என்று அவனிடமே கேளுங்கள். "நாளைக்கு மேட்ச், ஹூக்கர் வரலை, நீ நில்லு" என்று யாராவது சொன்னால் அன்று மட்டும் அவனை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பழி என்மேல் போடலாம்.